விளையாட்டு வண்டியும் வேலை வண்டியும் ஒன்றாகுமா?

கொழுத்து மெத்தென்றிருக்கும் நான்கு டயர்கள். குதிரை மேல் உட்காருவதைப் போல் இருபுறமும் கால் போட்டு உட்காரும் இருக்கை. மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற கைப்பிடி. முன்னும் பின்னும் கம்பியால் ஆன சுமைத் தட்டுகள். ஏ.டி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் எல்லா நில வண்டி இதுதான். அமெரிக்காவில் இதை 'ஃபோர் வீலர்' என்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'குவாட் பைக்' என்பார்கள். நம் நாட்டில் சில சுற்றுலா இடங்களில் கட்டணம் கட்டி நாலு சுற்று ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்க நாட்டுப்புறத்தில் பத்து இருபது ஏக்கர் நிலமும் ஒரு கொட்டகையும் வைத்திருக்கும் குடும்பங்களில் இது அன்றாடச் சாமான்களில் ஒன்று. வேலி பார்க்க, விறகு இழுக்க, களைக்கொல்லி தெளிக்க, வாசலில் குவிந்த பனியைத் தள்ள, ஓய்வு நாளில் காட்டுப் பாதையில் சுற்றிவர, எல்லாவற்றுக்கும் இதுவே.

இவ்வண்டிகளின் விற்பனைக் குறிப்பேடு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ஒரு படத்தில் வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு மேட்டிலிருந்து தாவும். அடுத்த படத்தில் அதே வண்டி விறகுக் கட்டைகளைச் சுமந்துகொண்டு வேலியோரம் சாதுவாக நிற்கும். சனிக்கிழமை வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்கும் ஒரே வண்டி போதும் என்பது செய்தி. பின்னால் அட்டவணை வரும்: எஞ்சின் கொள்ளளவு, குதிரைத் திறன், இழுவைத் திறன், தரையிலிருந்து அடிப்பாகத்தின் உயரம். இந்த எண்களை ஒப்பிட்டு வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழிகாட்டிகளும் ஏராளம். இவற்றில் பாதி எண்கள் தேர்வுக்கு உதவாதவை. உதவக்கூடிய எண்ணோ பெரும்பாலும் அங்கே அச்சாவதில்லை. அது எந்த எண் என்பதை உங்கள் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் 'சமநிலை' என்ற பாடத்தைத் திறந்தால் கண்டுகொள்வீர்கள். அதற்குப் போகுமுன் இந்த வண்டியின் பிறப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

இது உழவனுக்காகப் பிறந்த வண்டி அன்று. 1967இல் ஹோண்டா நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை ஒரு கோரிக்கை வைத்தது. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது. அந்த மாதங்களில் கடைக்காரர்கள் விற்பதற்கு ஏதாவது ஒரு புதுப் பொருள் வேண்டும் என்பதே அது. ஒசாமு தாக்கெயூச்சி என்ற ஜப்பானியப் பொறியியலாளர் பல்வேறு சக்கர அமைப்புகளைச் செய்து பார்த்து, கடைசியில் மூன்று சக்கரத்தில் வந்து நின்றார். பலூன் போன்ற 22 அங்குல டயர்கள் மூன்று. 7 குதிரைத் திறன் எஞ்சின் ஒன்று. 1970இல் யு.எஸ்.90 என்ற பெயரில் 595 டாலருக்கு அது கடைக்கு வந்தது. மறு ஆண்டே 'டயமண்ட்ஸ் ஆர் ஃபார்எவர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் அதில் ஏறித் தப்பினார். இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா!

ஒரு டிராக்டரைக் கிளப்புவதைவிட இதைக் கிளப்புவது மலிவு என்று பண்ணைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1982இல் ஹோண்டா 'பிக் ரெட்' என்ற வண்டிக்குச் சுமைத் தட்டுகளைப் பொருத்தி விற்றது. பொம்மையின் முதுகில் மூட்டை ஏற்றிய அந்தச் செயல்தான், என் கருத்தில், இவ்வண்டியின் வரலாற்றில் பெரிய திருப்பம். பொம்மையின் இயல்புகள் மாறவில்லை. மூட்டை மட்டும் கூடியது.

அந்த இயல்புகளில் முதலாவது டயர். காரின் டயரில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் இருக்கும். இதில் 5 பவுண்டு அளவே போதும். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதன் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். 380 கிலோ எடை (வண்டியும் ஆளும் சேர்த்து) 5 பவுண்டு அழுத்தத்தில் தாங்கப்பட வேண்டுமானால் நான்கு டயர்களும் சேர்ந்து சுமார் 1,100 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 350 கிராம் சுமைதான் விழுகிறது. கார் புதையும் சேற்றில் இது மிதந்து போவதன் மர்மம் இவ்வளவே. மெச்சத்தக்க ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 5 பவுண்டில் ஒரு பவுண்டு குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று; வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சாதாரண டயர்க் கடை அளவுமானியில் ஒரு பவுண்டு வேறுபாடு தெரியாது. இதற்கென்றே சிறு அழுத்தம் காட்டும் அளவுமானி உண்டு. அது கையில் இல்லாமல் வண்டி வாங்குவது, தராசு இல்லாமல் மளிகைக் கடை வைப்பதைப் போன்றது.

இரண்டாவது இயல்பு பின் அச்சு. கார் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்காக நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. ஏ.டி.வி.க்களில் பலவற்றின் பின் அச்சில் இது கிடையாது. இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுகப் பிணைந்து ஒன்றாகவே சுழலும். சக்கரங்களின் நடுவிடைத் தூரம் 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வண்டி கால் வட்டம் திரும்பினால் இரு சக்கரங்களும் ஓட வேண்டிய தூரத்தின் வேறுபாடு 1.4 மீட்டர். இந்த 1.4 மீட்டரை யாராவது ஒருவர் சறுக்கித் தீர்க்க வேண்டும். மணலிலும் சேற்றிலும் சறுக்குவது எளிது. தார்ச் சாலையில் டயர் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைத் திருப்பியும் வண்டி நேராகவே போகப் பார்க்கும், அல்லது சட்டென்று பிடி கிடைத்துக் கவிழப் பார்க்கும். தார்ச் சாலையில் ஓட்டாதீர்கள் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கைப் பலகை ஒட்டுவது இதனால்தான். வீட்டு முன் உள்ள புல்தரை கிழிவதும் இதனால்தான். சில வண்டிகளில் பின் அச்சிலும் டிஃபரன்ஷியல் வைத்து, வேண்டும்போது பூட்டிக்கொள்ளும் வசதி செய்திருக்கிறார்கள். புல்தரை வேலை அதிகமென்றால் அது விலை கொடுத்து வாங்கத் தகுந்த வசதி.

பூட்டிய அச்சு வண்டியைத் திருப்புவதற்கு ஓட்டுபவர் உடம்பையே பயன்படுத்த வேண்டும். இருக்கையில் நகர்ந்து, ஒரு கால் மிதியில் எடையைப் போட்டு, உள்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் குறைத்துச் சறுக்க விட வேண்டும். சரிவிலும் இப்படியே, மேட்டுப் பக்கமாக உடம்பைச் சாய்க்க வேண்டும். அதாவது, இந்த வண்டியில் மனிதன் பயணி அல்லன். அவன் ஓர் உறுப்பு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்று சக்கர வண்டியின் கதை சோகமாக முடிந்தது. மூன்று சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். ஈர்ப்பு மையத்திலிருந்து விழும் செங்குத்துக் கோடு அதற்குள் விழும் வரை வண்டி நிற்கும். முன்னால் ஒற்றைச் சக்கரம் இருப்பதால் முக்கோணம் முன்பக்கம் குறுகிப் போகிறது. வளைவில் பிரேக் போடும்போது பாரம் முன்னும் பக்கவாட்டிலும் தள்ளப்பட்டு அந்தக் குறுகிய விளிம்பைத் தாண்டிவிடும். நம் ஆட்டோ ரிக்‌ஷா வளைவில் ஒரு சக்கரத்தைத் தூக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குத்தான். விபத்துகள் பெருகின. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்குக்குப் போனது. 1988இல் நீதிமன்றத்தின் வழியாக ஏற்பட்ட உடன்பாட்டின்படி தயாரிப்பாளர்கள் மூன்று சக்கர வண்டி விற்பனையை நிறுத்தினார்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனைக்குத் தடை போட்டது. இதற்கிடையே 1982இல் சுசுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்துவிட்டது. 1986இல் நான்கு சக்கரங்களையும் எஞ்சின் உந்தும் வண்டியை ஹோண்டா விற்றது. முக்கோணம் செவ்வகமாயிற்று.

அப்படியானால் தொல்லை தீர்ந்ததா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை எந்த ஒரு குறிப்பிட்ட வண்டியின் எண்களும் அல்ல. நடுத்தரமான ஒரு வண்டிக்குப் பொருந்தக்கூடிய எடுத்துக்காட்டு எண்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு நீங்களும் கூடவே வாருங்கள்.

வண்டியின் எடை 300 கிலோ; அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில். ஓட்டுபவர் 80 கிலோ. உட்கார்ந்த நிலையில் அவருடைய மையம் ஒரு மீட்டர் உயரத்தில். இரண்டையும் சேர்த்தால் மொத்த மையம் 60.5 சென்டிமீட்டரில் வருகிறது. சக்கர நடுவிடைத் தூரத்தில் பாதி 45 சென்டிமீட்டர். 45ஐ 60.5ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் கவிழும் கோணத்தின் டேஞ்சென்ட். கோணம் 36.6 பாகை. பக்கவாட்டுச் சரிவு இதைத் தாண்டினால் வண்டி கவிழும்.

இப்போது சனிக்கிழமை வேலைக்கு வருவோம். பின் தட்டில் 60 லிட்டர் களைக்கொல்லிக் கலம் ஒன்றை ஏற்றிக் கட்டுகிறோம். அதன் மையம் 1.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். மொத்த மையம் 66.6 சென்டிமீட்டருக்கு ஏறிவிடுகிறது. கவிழும் கோணம் 34 பாகையாகக் குறைகிறது. இரண்டரைப் பாகைதானே என்று தோன்றும். 25 பாகைச் சரிவில் குறுக்காகப் போகிறீர்கள். மேட்டுப் பக்கச் சக்கரங்கள் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள பாறை மேட்டில் ஏறுகின்றன. அது மட்டுமே வண்டியை மேலும் 9.6 பாகை சாய்த்துவிடும். ஆக 34.6 பாகை. கலம் இல்லாத வண்டி தப்பும். கலம் ஏற்றிய வண்டி கவிழும்.

'ஓட்டுபவர் மேட்டுப் பக்கம் சாய்வாரே?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர் உடம்பை 25 சென்டிமீட்டர் மேட்டுப் பக்கம் நகர்த்தினால் கலம் ஏற்றிய வண்டியின் கவிழும் கோணம் 36.6 பாகைக்குத் திரும்புகிறது. கலம் பறித்ததை ஓட்டுபவரின் திறமை அப்படியே மீட்டுத் தருகிறது! ஆனால் களைக்கொல்லி தெளிக்கும் மனிதனைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஒரு கையில் தெளிப்புக் குழல். பார்வை பின்னால் களைச் செடியின் மேல். மனம் வேலையின் மேல். அவன் எப்படிச் சாய்வான்? ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்தில் இரு கைகளும் கண்களும் இடுப்பும் வண்டிக்கே உரியவை. சனிக்கிழமை வேலை அந்த உடம்பை வண்டியிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. ஓட்டுபவனை உறுப்பாக நம்பிக் கட்டிய வண்டியை, ஓட்டுபவனுக்கு வேறு வேலை இருக்கும் நேரத்துக்கும் விற்கிறார்கள். இதைத்தான் குறைகூற வேண்டியிருக்கிறது.

மேட்டை நேராக ஏறும்போது நிலைமை இன்னும் மோசம். பின் தட்டில் உள்ள சுமை பின் அச்சுக்கு மேலேயே, சில வேளை அதற்கும் பின்னால் இருக்கிறது. முன்பு சொன்ன எண்களோடு, மொத்த மையம் பின் அச்சிலிருந்து 58 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகக் கொண்டால், சுமையில்லாத வண்டி பின்பக்கமாகப் புரளும் கோணம் 44 பாகை. கலம் ஏற்றினால் அது 37 பாகைக்கு இறங்குகிறது. ஏழு பாகை நஷ்டம். ஏற்றத்தில் திடீரென்று எஞ்சினை முடுக்கினால் முன்சக்கரம் கிளம்பும். மீதிக் கோணத்தையும் அது தின்றுவிடும்.

பாதி தீர்ந்த கலம் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். எடை பாதியானாலும் உள்ளே தண்ணீர் பள்ளப் பக்கம் ஓடிச் சேர்கிறது. தண்ணீரின் மையம் 20 சென்டிமீட்டர் நகர்ந்தது என்று கொண்டு கணக்கிட்டுப் பார்த்தால், 30 கிலோவை இறக்கி வைத்ததன் பலனாக ஏறத்தாழ அரைப் பாகைதான் திரும்பக் கிடைக்கிறது. உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்த கலத்தை வாங்குவது இதற்கு ஓரளவு மருந்து.

பின் இருக்கையில் இன்னொருவரை ஏற்றுவதும் இதே வகைத் தவறு. 70 கிலோ, பின் அச்சுக்கு அருகில், உயரத்தில். அத்துடன் முன்னால் இருப்பவர் நகர இடமும் இல்லை. ஒருவருக்கென்று செய்த வண்டியில் ஒருவர் மட்டுமே. குழந்தைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 300 கிலோ வண்டியை 30 கிலோ உடம்பு சாய்த்துச் சமன் செய்ய முடியாது. அமெரிக்காவில் 1982 முதல் பதிவான ஏ.டி.வி. சாவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள்.

இனி, குறிப்பேடுகள் கொட்டை எழுத்தில் போடும் குதிரைத் திறனைப் பார்ப்போம். கலமும் ஆளும் சேர்ந்து 440 கிலோ வண்டி, பின்னால் 400 கிலோ விறகு வண்டி. பத்துக்கு ஒன்று என்ற ஏற்றம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம். ஏற்றத்துக்கான விசை சுமார் 820 நியூட்டன். மென்மையான மண்ணில் உருளுவதற்கும் அதே அளவு விசை தாராளமாகப் போதும். மொத்தம் 1,650 நியூட்டனுக்குக் குறைவு. வேகத்தால் பெருக்கினால் சுமார் 3.7 கிலோவாட், அதாவது 5 குதிரைத் திறன். கடையில் நிற்கும் 700 கன சென்டிமீட்டர் வண்டியின் எஞ்சின் இதைப் போல் எட்டு ஒன்பது மடங்கு திறன் உள்ளது. மீதித் திறன் எதற்கு? வேகத்துக்கு. வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வேலைக்காக வாங்குபவர் பெரிய எஞ்சினைத் தேடுவதில் பொருளே இல்லை. அவருக்கு வேண்டியவை மெதுவாக இழுக்கும் கீழ் கியர், நான்கு சக்கர உந்தல், இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி ஆகியவை.

கடைசியாகச் சொன்னதை அழுத்திக் கேளுங்கள். இவ்வண்டிகளில் பல, ரப்பர் பட்டையும் விரிந்து சுருங்கும் இரு கப்பிகளும் கொண்ட தானியங்கி அமைப்பில் ஓடுகின்றன. நம் ஊர்க் கியரில்லா ஸ்கூட்டர்களில் 1984இல் வந்த கைனடிக் ஹோண்டா முதல் இருப்பதும் அதுவே. ஓட்டச் சுகமானது. ஆனால் எஞ்சின் வேகம் குறைந்ததும் பட்டையின் பிடி தளர்ந்து, இறக்கத்தில் வண்டி தானாக உருளும். இதைத் தடுக்கும் தனி ஏற்பாடு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். பாரத்தை மேல் கியரில் ஊர்ந்து இழுத்தால் பட்டை சூடாகிப் பொசுங்குவதும் உண்டு.

சரி, மனிதனை உறுப்பாக நம்பாத வண்டி கிடையாதா? உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருவர் உட்கார்ந்து, ஸ்டியரிங் சக்கரமும் இருக்கை வாரும் கூண்டுச் சட்டமும் கொண்ட வண்டிகள். கவாசாகியின் 'மியூல்' 1988இல் வந்தது. அகலம் கூடுதல், எடை கூடுதல், விலையும் கூடுதல். வேலைக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் இதிலும் விளையாட்டு புகுந்தது. 2003இன் கடைசியில் யமஹா 'ரைனோ' என்ற குறுகலான, வேகமான வண்டியை விற்கத் தொடங்கியது. கவிழ்ந்த விபத்துகளை ஆணையம் விசாரித்தபின், 2009இல் யமஹா விற்பனையை நிறுத்தி வைத்துத் திருத்தம் செய்ய ஒப்புக்கொண்டது. என்ன திருத்தம்? பின்சக்கரங்களை அகலப்படுத்த இடைத்துண்டுகள் வைப்பதும், பின்பக்கச் சாய்வுத் தடைத் தண்டைக் கழற்றுவதும். மீண்டும் அதே அகலக் கணக்கு!

வண்டிகளை ஏன் குறுகலாகச் செய்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்கத் தோன்றும். அமெரிக்க அரசுக் காடுகளில் பல பாதைகள் 50 அங்குலத்துக்கு, அதாவது 127 சென்டிமீட்டருக்கு மேல் அகலமில்லாத வண்டிகளுக்கு மட்டுமே திறந்தவை. மரங்களுக்கிடையில் புகுந்து போகும் இன்பத்துக்குக் குறுகல் வேண்டும். சரிவில் நிற்பதற்கு அகலம் வேண்டும். இரண்டையும் ஒரே வண்டியில் கேட்பவர் நடுவில் எங்கோ ஓரிடத்தில் சமரசம் செய்துகொள்கிறார். எந்தப் பக்கம் விட்டுக்கொடுத்தோம் என்று தெரிந்து செய்துகொண்டால் குற்றமில்லை.

ஏ.டி.வி.தான் வேண்டும், வேலையும் நடக்க வேண்டும் என்பவருக்கு ஒரு வழி உண்டு. சுமையைத் தட்டில் ஏற்றாமல் பின்னால் தாழ்வான இழுவை வண்டியில் வைப்பது. முன் வண்டியின் ஈர்ப்பு மையம் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை கொண்டியைக் கழற்றிவிட்டால் விளையாட்டு வண்டி பழையபடி கிடைக்கும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 400 கிலோ விறகுக்கு அங்கே பிரேக் கிடையாது. இறக்கத்தில் அது முன் வண்டியைத் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் தள்ளி மடக்கும். குறிப்பேட்டில் உள்ள இழுவை எண் சமதளத்துக்கு உரியது என்று எண்ணிக்கொண்டு, சரிவில் பாதியோடு நிறுத்திக்கொள்வது உசிதம்.

ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் துணிந்து ஒரு காரியம் செய்தது. 2019இல் அது ஒரு பாதுகாப்புத் தரத்தை விதித்தது. அதன்படி, விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு குவாட் பைக்கிலும் அது எத்தனை பாகைச் சரிவில் சாயத் தொடங்குகிறது என்ற எண் எழுதிய சீட்டு தொங்க வேண்டும். 2021 அக்டோபர் முதல், பொதுப் பயனுக்கான புதிய வண்டிகள் பக்கவாட்டில் 28.81 பாகைக்குக் குறைவான சரிவில் சாயக் கூடாது. கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் காக்கும் வளையச் சட்டம் ஒன்று பின்னால் இருந்தாக வேண்டும். சட்டமே ஆளைக் காயப்படுத்தலாம் என்று வாதாடிய ஹோண்டாவும் யமஹாவும் அந்நாட்டில் இவ்வகை வண்டி விற்பதையே விட்டுவிட்டன. அவர்கள் வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். துள்ளி ஓடும் விளையாட்டில் சட்டம் இடைஞ்சலாகலாம். ஆனால் மெதுவாகக் கவிழ்ந்து, 300 கிலோ எடை மார்பின் மேல் கிடந்து, மூச்சு முட்டிச் சாகும் பண்ணைக்காரனுக்கு அந்த வளையம் தரும் ஓர் அடி இடைவெளிதான் உயிர்.

அமெரிக்கக் கடையில் அப்படிச் சாய்வு எண் எழுதிய சீட்டுத் தொங்க வேண்டும் என்ற விதி இல்லை. அங்கே வாங்கப் போகும் உறவினர் யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், ஓர் அளவு நாடாவைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இரு பின்சக்கரங்களின் நடுவிடைத் தூரத்தையும், தரையிலிருந்து இருக்கை, பின் தட்டு இவற்றின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் தம் நிலத்தின் மிகச் செங்குத்தான சரிவில் ஒரு பலகையை வைத்து, கோணமானியும் தூக்கு நூலும் கொண்டு அதன் சாய்வை அளக்கட்டும். எஞ்சினைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.